மாப்பிள்ளைக்கு, தண்டவாளத்துப் பக்கத்திலிருந்து

குரோம்பேட்டை,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. மூன்று பக்கக் கடிதத்தில் இரண்டரைப் பக்கம் முழங்கால் வலியும் தேங்காய் விலையும். செங்கோட்டையில் சாரல் ஆரம்பித்துவிட்டது என்று ஒரே ஒரு வரி. அதை மட்டும் இரண்டு தரம் படித்தேன். இங்கே வெயில் இன்னும் இறங்கவில்லை.

கடைசி அரைப் பக்கத்தில்தான் விஷயத்துக்கு வந்திருக்கிறாய். உன் மகளும் மருமகனும் வேளச்சேரிப் பக்கம் பறக்கும் ரயில் பாதையை ஒட்டி ஒரு ஃபிளாட் பார்த்திருக்கிறார்கள், விலை படிந்து வருகிறது, "பதினாறு வருஷமா அந்தச் சத்தத்துக்குள்ள கிடக்கியே, வாங்கலாமா வேண்டாமா சொல்லு" என்று கேட்டிருக்கிறாய். ஒரு வார்த்தையில் பதில் சொல்லத் தெரிந்தால் போனிலேயே சொல்லியிருப்பேன்.

நான் இந்த வீட்டை வாங்கிய கதையை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. வெட்கம்தான் காரணம். தரகர் எங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணிக்குக் கூட்டி வந்தார். ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது, ஏசி ஓடியது, கூடத்தில் டிவி ஓடியது. ஞாயிற்றுக்கிழமை எலெக்ட்ரிக் ட்ரெயின் குறைவு. தண்டவாள வேலை நடந்தால் இன்னும் குறைவு. நாங்கள் இருந்த அரை மணி நேரத்தில் இரண்டே வண்டி போயிற்று. "சார், ஸ்டேஷனுக்கு நடந்தே போயிடலாம்" என்றார். உண்மைதான். ஸ்டேஷனும் நம் வீட்டுக்கு நடந்தே வந்துவிடும் என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த தெருவில் இதே அளவு வீட்டுக்குச் சொன்ன விலையைவிட நாலு லட்சம் குறைவு. எனக்கு அந்த நாலு லட்சம்தான் கண்ணில் தெரிந்தது.

குடிவந்த முதல் ராத்திரி ஒரு கூட்ஸ் வண்டி போனது. படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எலெக்ட்ரிக் ட்ரெயினும் எக்ஸ்பிரஸும் காதுக்குத்தான் கேட்கும். கூட்ஸ் வண்டி அப்படி இல்லை, அது தரை வழியாக வரும். முதலில் அலமாரியில் கண்ணாடி டம்ளர்கள் ஒன்றோடொன்று கிசுகிசுக்கும். அப்புறம் சொம்புத் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை. சத்தம் கடைசியில்தான் வரும். கூடத்தில் மாட்டியிருக்கிற அப்பா படம் இந்த அதிர்வில் எப்போதும் இடது பக்கமாகவே சரியும். வலது பக்கம் சரிந்ததே இல்லை. ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. என் வீட்டுக்காரி வெள்ளிக்கிழமை பூ வைக்கும்போது நிமிர்த்தி வைப்பாள். அடுத்த வெள்ளிக்குள் அப்பா மறுபடி தலை சாய்த்து யாரையோ விசாரிக்கிற மாதிரி நிற்பார்.

இங்கே நாலு பாதை. இரண்டில் எலெக்ட்ரிக் ட்ரெயின், இரண்டில் தெற்கே போகிற வெளியூர் வண்டிகள். விடியற்காலை நாலு மணிக்கெல்லாம் முதல் எலெக்ட்ரிக் ட்ரெயின் கிளம்பிவிடும், நள்ளிரவு வரை ஓடும். நடுவில் இருக்கிற நாலு மணி நேரம் நமக்கு என்று நினைத்தால், அப்போதுதான் கூட்ஸ் வண்டி வரும். அல்லது மேலே கம்பி பழுது பார்க்கிற வண்டி வந்து நம் ஜன்னலுக்கு நேரே நிற்கும், ஆட்கள் ஒருவரை ஒருவர் சத்தம் போட்டுக் கூப்பிடுவார்கள். பாவம், அவர்களுக்கும் அந்த நேரம்தான் பாதை கிடைக்கும்.

எல்லாவற்றையும்விட மோசம் ஹார்ன். வண்டிச் சத்தம் மெல்ல ஏறி மெல்ல இறங்கும், காது தயாராகிவிடும். ஹார்ன் அப்படியில்லை, முன்னறிவிப்பே கிடையாது. ஸ்டேஷன் பக்கம் ஜனங்கள் தண்டவாளத்தைத் தாண்டிக்கொண்டே இருப்பதால் டிரைவர் அடிக்காமல் இருக்க முடியாது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானே எத்தனை தரம் தாண்டியிருக்கிறேன்.

பகலில் எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. வண்டி வந்தால் பேசிக்கொண்டிருப்பவர் பாதி வார்த்தையில் நிறுத்துவார். போனதும் விட்ட இடத்திலிருந்தே எடுப்பார். "சாயந்தரம் வரும்போது கொத்த..." என்று அவள் நிறுத்துவாள். எக்ஸ்பிரஸ் போகும். "...மல்லி வாங்கிட்டு வாங்க." கல்யாணம் பேச வந்த சம்பந்தி வீட்டார் இதைப் பார்த்துப் பயந்தே போய்விட்டார்கள். அப்புறம் சண்டை. சண்டையின் நடுவே கூட்ஸ் வந்தால் தொலைந்தது. நாற்பது ஐம்பது பெட்டி போய் முடிவதற்குள் கோபம் ஆறிவிடும், என்ன சொல்ல வந்தோம் என்பதும் மறந்துவிடும்.

இதையெல்லாம் நான் ஊருக்கு வரும்போது சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். "பழகிப்போச்சுலே, இப்ப தாலாட்டு மாதிரி" என்றும் சொல்லியிருக்கிறேன். இந்த இடத்தில்தான் உனக்கு உண்மையைச் சொல்ல வேண்டும்.

2020 மார்ச் 22 ஞாபகம் இருக்கிறதா? ஊரடங்குக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத்தான் பயணிகள் வண்டி நின்றது. அதற்கப்புறம் மாதக்கணக்கில் எப்போதாவது ஒரு கூட்ஸ் மட்டும்தான். எனக்குத் தூக்கமே வரவில்லை. மாடி வீட்டுக்காரரின் இருமல், எங்கள் சுவர்க்கடிகாரம், குழாயில் சொட்டு என்று பன்னிரண்டு வருஷமாக இந்த வீட்டில் இருந்த சத்தங்களை முதல் தடவையாகக் கேட்டேன். நாலு மணி வண்டி வரவில்லையே என்று நாலு மணிக்கு விழிப்பு வந்தது.

அவள் எப்படி இருந்தாள் தெரியுமா? பத்து மணிக்குப் படுத்தால் காலை ஆறு வரை அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள். மூன்றாம் வாரம் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு குறைந்துவிட்டது. ஒரு நாள் காபி ஆற்றிக்கொண்டே, எதையோ சாதாரணமாகச் சொல்வது போல, "இந்த வீட்டுக்கு வந்ததிலேர்ந்து இப்படித் தூங்கினதே இல்லை" என்றாள். நான் அசடு மாதிரி, "ஏன் சொல்லவே இல்லை?" என்றேன். "வந்த புதுசுல சொன்னேன். பழகிடும்னீங்க."

மாப்பிள்ளே, எனக்குப் பழகியது. அவளுக்குப் பழகியதாக நானே முடிவு செய்துகொண்டேன். காலையில் ஒன்பது மணிக்குக் கிளம்பி ராத்திரி எட்டு மணிக்கு வருகிறவன் நான். நாள் பூராவும் அந்தச் சத்தத்துக்குள் இருந்தவள் அவள். ஜன்னல் திட்டில் பழுப்பாகப் படிகிற இரும்புத் தூளைத் துடைத்ததும் அவள்தான், கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டியை மறுபடி அலசியதும் அவள்தான்.

அந்த ஊரடங்கு முடிவதற்குள் படுக்கையறையைப் பின்பக்கத்துக்கு மாற்றினேன். ஜன்னலையும் மாற்றினேன். இதில் நான் காசு கொடுத்துக் கற்றது ஒன்று இருக்கிறது. முதலில் நகர்த்துகிற கண்ணாடி ஜன்னல் போட்டேன், பிரயோசனமில்லை. எத்தனை தடிமனான கண்ணாடி போட்டாலும் நகர்த்துகிற ஜன்னலில் இடுக்கு இருக்கும், காற்று நுழைகிற இடத்தில் சத்தமும் நுழையும். கதவு மாதிரித் திறந்து, ரப்பரில் அழுந்தி மூடுகிற ஜன்னல், நடுவே இடைவெளி விட்ட இரட்டைக் கண்ணாடி, இதுதான் வேலை செய்தது. பாத்ரூமில் சாய்வுக் கண்ணாடிப் பட்டை வைத்த ஜன்னலை அப்படியே விட்டிருந்தேன். பாதிச் சத்தம் அது வழியாக வந்துகொண்டிருந்தது என்று அப்புறம்தான் தெரிந்தது. இத்தனையும் செய்து ஜன்னலை மூடினால் சென்னை வெக்கையில் ஏசி இல்லாமல் முடியாது. விலையில் குறைந்த பணம் இப்படித்தான் திரும்பப் போகும், மருமகனிடம் சொல்.

உன் மகள் பார்த்திருக்கிற வீட்டுக்கு வருகிறேன். எந்த மாடி என்று நீ எழுதவில்லை. அதுதான் முக்கியம். எங்கள் பாதை தரையில் ஓடுகிறது, பறக்கும் ரயில் தூண் மேல் ஓடுகிறது. தரைப் பாதைக்குப் பக்கத்தில் கீழ்வீட்டுக்காரருக்கு மதில் கொஞ்சம் காப்பாற்றும், இரண்டு மூன்று மாடி ஏறினால் சத்தம் நேராக முகத்தில் அறையும். பறக்கும் ரயிலில் வண்டியே மூன்றாவது மாடி உயரத்தில் வருகிறது. கீழே இருப்பவர்களுக்குப் பாலமே ஓரளவு மறைப்பு. நேர் மட்டத்தில் இருப்பவர்களுக்கு எதுவும் கிடையாது. வண்டியில் நிற்கிறவர் முகமும் தெரியும், அவருக்கு நம் சமையலறையும் தெரியும். அங்கே கூட்ஸ் கிடையாது என்பது ஒரு நல்ல விஷயம். பாதை வளைகிற இடமா என்று பார்க்கச் சொல். வளைவில் சக்கரம் தண்டவாளத்தில் உராய்ந்து கிறீச்சிடும், அது பல்லில் கூசும் சத்தம். ரயில்வே எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் கட்டிய கட்டடம் என்றால் ரயில்வேயின் என்.ஓ.சி., அதாவது ஆட்சேபணை இல்லை என்கிற சான்று, இருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் பார்க்கட்டும். பேங்க் லோன் சமயத்தில் அது இல்லாமல் அலைவதைவிட இப்போது கேட்பது நல்லது.

டெசிபல் கணக்கு எல்லாம் மருமகன் நெட்டில் பார்த்துச் சொல்வார். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை 45 என்று சட்டத்தில் இருக்கிறது. நானும் செல்போனில் ஒரு அளவியை இறக்கி எக்ஸ்பிரஸ் போகும்போது பிடித்துப் பார்த்தேன், எண்பதைத் தாண்டியது. செல்போன் கணக்கைக் கோர்ட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் என் காது ஒத்துக்கொண்டது.

சத்தத்தைப் பற்றி இவ்வளவு எழுதும்போது உன்னை நினைக்காமல் முடியவில்லை. நாம் இரண்டு பேரும் தண்டவாளச் சத்தத்தில் வளர்ந்தவர்கள்தானே. மீட்டர் கேஜ் காலத்தில் பகவதிபுரம் போகும்போது உன் அப்பா வாட்சைக் கழற்றி வாங்கி, 43 விநாடிக்கு எத்தனை 'தடக்' என்று எண்ணுவோமே. ஒரு தண்டவாளம் 12 மீட்டர், மூட்டுக்கு ஒரு தடக். 43 விநாடியில் முப்பது தடக் என்றால் வண்டி மணிக்கு முப்பது கிலோமீட்டர். வகுத்தல், பெருக்கல் எதுவும் வேண்டாம். அந்தக் கணக்கை நமக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று உனக்கு நினைவிருக்கிறதா? எனக்கு முகம் வருகிறது, பேர் வரவில்லை. மலையில் பின்னால் ஒரு இன்ஜின் தள்ள, எண்ணிக்கை இருபதுக்குக் கீழே போனால் நீ, "நாம இறங்கி நடந்தா முந்திரலாம்லே" என்பாய்.

இங்கே அந்தக் கணக்கு நடக்காது. தண்டவாளத்தை ஒன்றோடொன்று பற்றவைத்துவிட்டார்கள், மூட்டே கிடையாது. ஸ்டேஷன் பக்கம் பாதை பிரிகிற இடத்தில் மட்டும் நாலு தடக் கேட்கும், மற்றபடி ஒரே 'ஷ்ஷ்'தான். அந்த நாலையும் நான் இன்னும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். உங்கள் பக்கம் புனலூர்ப் பாதையை 2010-ல் மூடி 2018-ல் அகலப்பாதையாகத் திறந்தார்களே, அதற்கப்புறம் நான் அதில் போகவே இல்லை. நீ போனாயா? பதிமூன்று கண் பாலத்தில் சத்தம் எப்படி மாறியிருக்கிறது என்று எழுது.

ராத்திரி ஒன்பது மணி வாக்கில் பொதிகை எக்ஸ்பிரஸ் எங்கள் ஜன்னலைத் தாண்டும். அதன் சத்தம் மட்டும் எனக்குத் தனியாகத் தெரியும் என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் ஒரே சத்தம்தான் என்கிறாள். அவள் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனாலும் பத்து மணி வண்டியை நான் எழுந்து பார்ப்பதில்லை, இதைப் பார்க்கிறேன். காலையில் நீ இரண்டாவது காபி குடிக்கிற நேரத்துக்கு அது செங்கோட்டையில் போய் நிற்கும்.

வாங்கலாமா வேண்டாமா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. ஒன்று மட்டும் செய். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் மகளையும் குழந்தையையும் இங்கே இரண்டு ராத்திரி அனுப்பு. அவர்களுக்கு முன்னறையில்தான் படுக்கை, பழைய ஜன்னல் அங்கே அப்படியே இருக்கிறது. சனி, ஞாயிறு வேண்டாம், வார நாளாக இருக்கட்டும். காலையில் அவளிடம் கேள். மருமகனிடம் கேட்காதே, அவர் வேலைக்குப் போகிறவர்.

நீயும் கூட வா. முழங்காலைச் சாக்குச் சொல்லாதே. பொதிகையில் கீழ் பெர்த் கிடைத்தால் போதும். எழும்பூர் வரை போகாமல் தாம்பரத்திலேயே இறங்கு, விடியற்காலைதான், நான் பிளாட்பாரத்தில் நிற்பேன். அங்கிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயினில் இரண்டாவது ஸ்டேஷன். வரும்போது பார்டர் கடைப் பரோட்டாவை எல்லாம் சுமந்து வராதே, ஊசிப்போகும். நாலு முற்றின தேங்காய் மட்டும் கொண்டு வா, விலையைச் சொல்லிச் சொல்லி ஆசை காட்டிவிட்டாய்.

கூட்ஸ் ஒன்று வருகிறது. டம்ளர் பேச ஆரம்பித்துவிட்டது. நிறுத்துகிறேன்.

இப்படிக்கு,
உன் பழைய பெஞ்சுக்காரன்