யுங்ஃபிராவ் மலையில் நம்ம பழைய சண்டை

கொழிஞ்சாம்பாறை,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஊர் வந்து பத்து நாள் ஆகிறது. போன் பண்ணியிருக்கலாம். ஆனால் போனில் நீ என்னை எங்கே பேச விடுவாய்? தேங்காய் விலையில் தொடங்கி உன் மூட்டுவலியில் கொண்டுபோய் முடிப்பாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

ஐரோப்பா டூர் முழுவதையும் எழுதப் போவதில்லை. பாதி ஊரைப் பஸ் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தோம். பாரீஸ் என்றால் எனக்கு இப்போது ஞாபகம் வருவது கழிப்பறைக்கு நின்ற வரிசை. சுவிட்சர்லாந்தில் யுங்ஃபிராவ் மலைச் சிகரத்துக்குக் கீழே இருக்கும் யுங்ஃபிராவ்யோக் கணவாய்க்கு ஏறிய அந்த ஒரு நாளை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் கூட்டத்தில் நாற்பத்திரண்டு பேர். பெரும்பாலும் திருச்சூர், கோட்டயத்து ஆட்கள். கூட்டிப்போன பையன் மஞ்சள் கொடி கட்டிய கம்பியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பான், நாங்கள் வாத்துக் கூட்டம் மாதிரி பின்னால். நாங்கள் புருஷன் பெண்டாட்டி தமிழில் பேசிக்கொள்வதைக் கேட்டு ஒவ்வொருத்தராக வந்து விசாரித்தார்கள். “தமிழ்நாடா?” “இல்லீங்க, கேரளாதான்.” “பின்னே எந்தா தமிழ்?” மூன்று நாளைக்குப் பொறுமையாக விளக்கினேன். அப்புறம் “ஆமா, தமிழ்நாடு” என்று சொல்லித் தப்பிக்க ஆரம்பித்தேன். உன் தங்கச்சிக்கு அதில் கோபம்.

காலை ஆறு மணிக்கெல்லாம் எழுப்பிவிட்டான். இன்டர்லாக்கனில் தங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஆரே ஆறு. பாலில் பச்சைச் சாயம் கலந்த மாதிரி ஒரு நிறம். அங்கிருந்து பஸ்ஸில் கிரின்டெல்வால்ட், பிறகு கம்பியில் தொங்கும் பெட்டி. ஒரு பெட்டிக்கு இருபத்தாறு பேர், கால்மணி நேரம். ஐகர் மலையின் செங்குத்துப் பாறை ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்துகொண்டே இருந்தது. பேசிக்கொண்டே வந்த கோட்டயத்து அம்மாக்கள்கூட வாயை மூடிவிட்டார்கள்.

அதற்கு மேலே ரயில். நம்ம மேட்டுப்பாளையம் ஊட்டி ரயில் போலத் தண்டவாளத்துக்கு நடுவில் பல்சக்கரத்துக்கான பட்டை. ஆனால் இது மலையின் வயிற்றுக்குள்ளே போகிறது. ஏழு கிலோமீட்டர் குகை. குயர்-செல்லர் என்ற சூரிக் முதலாளி ஏழு வருஷத்தில் முடிப்பேன் என்று 1896-ல் தொடங்கினார். 1899-ல் ஆளே போய்விட்டார். ரயில் மேலே போய்ச் சேர்ந்தது 1912-ல். யுங்ஃபிராவ் சிகரம்வரை, அதாவது 4,158 மீட்டர் உயரத்துக்கு, கொண்டுபோவதுதான் திட்டம். பணம் போதாமல் 3,454 மீட்டரிலேயே நிறுத்திவிட்டார்கள். மதிப்பீடு போடுவதில் சுவிஸ்காரனும் நம்ம ஆள்தான் என்று ஒரு நிம்மதி. வழியில் பாறையைக் குடைந்து வைத்த ஒரு ஜன்னலுக்காக ஐந்து நிமிஷம் நிறுத்தினார்கள். வெளியே வெறும் வெள்ளை.

மேலே இறங்கி நாலு எட்டு வைத்ததும் மூச்சு வாங்கியது. நம்ம ஆனைமுடியே 2,695 மீட்டர்தானே. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். மெதுவாக நடங்கள் என்று பையன் கத்திக்கொண்டே இருந்தான். சாக்லேட் கடையைப் பார்த்த பிறகு யார் கேட்டார்கள்? நோட்டீஸில் “மேலே இரண்டு மணி நேரம்”. சாப்பாட்டு வரிசைக்கே முக்கால் மணி போனது. அதுவும் பருப்பு ஆறிப்போய், சோறு விறைத்து. உன் தங்கச்சி கைப்பையிலிருந்து நார்த்தங்காய் ஊறுகாயை எடுத்தாள். மூன்று மேசைக்கு அது போனது.

பனியைக் குடைந்து ஒரு மாளிகை செய்திருக்கிறார்கள். வருகிறவர்களின் உடம்புச் சூட்டிலேயே உருகிவிடும் என்பதால் அதற்குத் தனியாகக் குளிரூட்டி வைத்திருக்கிறார்களாம். பனிக்கே ஏசி!

கடைசியில் லிஃப்டில் ஏறி மொட்டைமாடிக்குப் போனோம். கால்வைக்கும் இடம் இரும்புச் சல்லடை. கீழே பார்த்தால் அடிவயிறு கூசும். குரங்குக் குல்லாய்க்குள் காது விண்ணென்று வலித்தது. கைப்பிடிக் கம்பியில் ஒரு கறுப்புப் பறவை, அச்சு அசல் காக்கை, அலகு மட்டும் மஞ்சள். என் கையில் இருந்த ரொட்டித் துண்டையே ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றது. தெற்கே அலெட்ச் பனியாறு, இருபது கிலோமீட்டர், நடுவில் எண்ணூறு மீட்டர் ஆழத்துக்குப் பனி. நூற்றைம்பது வருஷத்தில் மூன்று கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டதாம். மற்றவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது ஷட்டர் இல்லாத ஓர் அணையாகத்தான் தெரிந்தது. வெயில் ஏறினால் தானே திறந்துகொள்ளும்.

அப்போதுதான் உள்ளூர் கைடு அம்மா அந்த விஷயத்தைச் சொன்னார். நாங்கள் நின்ற முகடுதான் தண்ணீர் பிரியும் இடம். தெற்கே உருகுவது ரோன் ஆற்றில் சேர்ந்து மத்தியதரைக் கடலுக்குப் போகிறது. வடக்கே உருகுவது நாங்கள் காலையில் பார்த்த ஆரேயில் விழுந்து, ரைனோடு கலந்து வடகடலுக்கு.

சத்தியமாக மாப்பிள்ளை, எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. பாலக்காட்டுச் சித்தூர் காலேஜ் ஹாஸ்டல் திண்ணையில், பரம்பிக்குளம்-ஆழியாறு தண்ணீர் கேரளாவுக்கா தமிழ்நாட்டுக்கா என்று ஆரம்பித்த சண்டை நமக்கு இன்னும் தீரவில்லையே. “மேற்கே போய்க் கடலில் விழற தண்ணியை, மலையைக் குடைஞ்சு கிழக்கே திருப்பினா உனக்கென்ன?” என்பாய் நீ. “1970-ல ரெண்டு மாநிலமும் போட்ட ஒப்பந்தத்துல மணக்கடவு வழியா கேரளாவுக்கு 7.25 டிஎம்சி எழுதியிருக்கு, அதை முதல்ல விடு” என்பேன் நான். பரம்பிக்குளம் அணை இருப்பது எங்கள் கேரளத்தில், சாவி இருப்பது உங்கள் தமிழ்நாட்டு ஆட்களிடம் என்று நான் சொன்னால் நீ உடனே டீக்குக் காசு கொடுக்க எழுந்துவிடுவாய்.

“இங்கே அந்தப் பக்கத் தண்ணியை யாராவது சுரங்கம் வெட்டி இந்தப் பக்கம் திருப்பியிருக்காங்களா, கேளு” என்றேன் பையனிடம். அவன் கேட்கவில்லை. “அங்கிள், அஞ்சு நிமிஷம்தான் இருக்கு” என்று கொடியைத் தூக்கிவிட்டான். திரும்புவதற்குள் என் ரொட்டியைக் காணோம். கம்பியில் பறவையும் இல்லை.

இறங்கும்போது ஓர் ஆள் குறைந்தது. திருச்சூர்க்காரர் ஒருத்தர் கடிகாரக் கடையில் நின்றுவிட்டார். ரயிலை விட்டு அடுத்ததற்காக அரைமணி நேரம் காத்திருந்தோம். அதே அரைமணியை எனக்கு மேலே கொடுத்திருந்தால் கைடு அம்மாவிடம் நானே அரைகுறை இங்கிலீஷில் கேட்டிருப்பேன்.

பேரனுக்குச் சாக்லேட் வாங்கி பிரிட்ஜில் வைத்திருக்கிறேன். உன் மூட்டுவலியைச் சாக்குச் சொல்லாமல் பொள்ளாச்சி வழியாக ஒரு பஸ் பிடித்து வா. தங்கச்சிக்கும் ஒரு டப்பா உண்டு.

உங்கள் பாசன மண்டலத்துக்கு இந்த முறை வாய்க்காலில் தண்ணி விட்டார்களா? இங்கே இன்னும் வரவில்லை.

உன் மச்சான்