21-ஆம் நாள் ரத்தப் பரிசோதனை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதமும் மகளின் ரிப்போர்ட்டும் கிடைத்தன. மாதவிடாய் தொடங்கியதிலிருந்து எண்ணி 21-ஆம் நாளில், முட்டை வெடித்தபின் உயரும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் 0.8 என்று வந்ததில், முட்டையே வெடிக்கவில்லையோ, சினைப்பையிலிருந்து வெளிவரவில்லையோ என்று அவள் தவிப்பதாக எழுதியிருந்தாய். அவளுக்கு 35 நாளுக்கு ஒருமுறைதான் மாதவிடாய் என்பதையும் நீயே எழுதியிருக்கிறாய். அப்படியானால் ரத்தம் எடுத்த நாளே சரியில்லை. அந்த எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

சுழற்சியில் நீண்டு குறுகுவது பெரும்பாலும் முதல் பாதிதான். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி சுரக்கும் எஃப்.எஸ்.ஹெச். என்ற ஹார்மோன், முட்டையைத் தாங்கிய சிறு பைகளான ஃபாலிக்கிள்கள் சிலவற்றை வளர்க்கும். அவற்றில் ஒன்று முந்திக்கொண்டு எஸ்ட்ரடயால் என்ற ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பெருக்கும். குறைந்த அளவில் எஸ்ட்ரடயால் பிட்யூட்டரியை அடக்கியே வைக்கும். மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமைத் தாண்டி ஏறக்குறைய இரண்டு நாள் நிலைத்துவிட்டாலோ, அதே எஸ்ட்ரடயால் பிட்யூட்டரியின் இன்னொரு ஹார்மோனான எல்.ஹெச்.சைப் பொங்க வைக்கும். உடலியலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பொங்கத் தொடங்கி சுமார் 36 மணி நேரத்தில் முட்டை வெடிக்கும். இந்தக் கட்டத்தை எட்ட ஒருத்திக்கு 14 நாள் ஆகும், இன்னொருத்திக்கு 21 நாள் ஆகும்.

வெடித்த ஃபாலிக்கிள் கார்பஸ் லூட்டியம் என்ற தற்காலிகச் சுரப்பியாகிப் புரோஜெஸ்டிரோன் சுரக்கும். கரு தங்காவிட்டால் இரண்டு வாரத்தில் அது வாடிவிடும், கருப்பையின் உள்சவ்வு உதிரும். புரோஜெஸ்டிரோன் உச்சம் தொடுவது முட்டை வெடித்த ஏழாம் நாள் வாக்கில். 28 நாள் சுழற்சிக்கு அது 21-ஆம் நாள். உன் மகளுக்கு 28-ஆம் நாள். அவளுக்கு 21-ஆம் நாளில் முட்டை அப்போதுதான் வெடித்திருக்கும்.

அடுத்த முறை 18-ஆம் நாளிலிருந்து எல்.ஹெச். சிறுநீர் கிட்டில் தினமும் ஒரே நேரத்தில் பார்க்கச் சொல். அதற்கு முன் இரண்டு மணி நேரம் நிறையத் தண்ணீர் குடித்தால் கோடு மங்கலாகிவிடும். கோடு அழுத்தமாக வந்து ஏழெட்டு நாள் கழித்து ரத்தம் கொடுக்கட்டும். பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பை ஹார்மோன் கோளாறு இருந்தால் மட்டும் கிட்டை நம்ப முடியாது. அதில் எல்.ஹெச். எப்போதுமே உயர்ந்திருக்கலாம், ஸ்கேன்தான் சரி.

புரோஜெஸ்டிரோன் மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் முட்டை வெடித்திருக்கிறது என்று கொள்ளலாம். அது 7-ஆ 12-ஆ என்று அலட்டிக்கொள்ள வேண்டாம். எல்.ஹெச். விட்டுவிட்டுச் சுரப்பதால் ஒரே நாளில் சில மணி நேரத்துக்குள்ளேயே புரோஜெஸ்டிரோன் பலமடங்கு ஏறி இறங்கும்.

ரத்தம் கொடுத்தபின் மாதவிடாய் எந்தத் தேதியில் வருகிறது என்று குறிக்கச் சொல். ஏறக்குறைய ஒரு வாரத்தில் வந்தால் பரிசோதனை சரியான நாளில் நடந்திருக்கிறது. இரண்டு வாரம் தள்ளி வந்தால் சீக்கிரம் எடுத்துவிட்டார்கள். இப்போதைய ரிப்போர்ட்டையும் இப்படியே சோதிக்கலாம். கடைசி மூன்று மாதவிடாய்த் தேதிகளோடு தைராய்டு, புரோலாக்டின் ஹார்மோன் பரிசோதனை முடிவுகளையும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் தோழி