மரபணு இல்லாத கத்தரிக்காய்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்ணாநகர் இயற்கை அங்காடி ஒன்றைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், 'மரபணு இல்லாத நாட்டுக் கத்தரிக்காய் இங்கே கிடைக்கும்' என்று படித்தேன். முப்பத்தோரு ஆண்டுகள் தாவரவியல் நடத்தியவள் நான். மரபணு இல்லாமல், கத்தரிக்காயாகத்தான் காய்க்க வேண்டும் என்று அந்தச் செடிக்கு யார் சொன்னார்கள் என்பதையும் நிருபர் விசாரித்து எழுதியிருக்கலாம்.

'மரபணு மாற்றப்படாத' என்று எழுத நினைத்தார் என்றே வைத்துக்கொள்வோம். மரபணு மாற்றிய பிடி கத்தரியைப் பயிரிட விடாமல் 2010 பிப்ரவரியில் மத்திய அரசு நிறுத்திவைத்தது தாங்கள் அறியாததல்ல. இங்கே அனுமதியோடு விவசாயிகள் பயிரிடும் மரபணு மாற்றுப் பயிர் பருத்தி ஒன்றுதான். அப்படியானால் கோயம்பேட்டில் கூறு கட்டி விற்கும் கத்தரிக்காயும் மாற்றப்படாததுதானே? அங்காடியில் மட்டும் எதற்கு இரட்டை விலை?

இது முதல் முறையும் அல்ல. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த இரண்டு நெல் ரகங்களும், வேறு உயிரின் மரபணுவை ஏற்றாமல், நெல்லின் சொந்த மரபணுவைத் திருத்தி உருவாக்கியவை. தாங்கள் போட்ட தலைப்போ 'மரபணு மாற்று நெல்'. அதைச் சுட்டிக்காட்டி நான் எழுதிய மூன்று பக்கக் கடிதம் மூன்று வரியாக வெளிவந்தது, அதிலும் ஓர் அச்சுப்பிழையோடு. மரபணு மாற்று நெல் என்றால், தரமணியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் உப்புநீரில் வளரும் அலையாத்தி மரத்தின் மரபணுவை நெல்லில் ஏற்றி, உப்பைத் தாங்கவைக்க ஆய்வு செய்தார்கள். அண்ணாநகருக்குப் போகும் நிருபருக்குத் தரமணிக்குப் பஸ் கிடைக்காதா?

விதைக் கம்பெனிகளுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. புழுவைக் கொல்ல பிடி பருத்தி தானே உண்டாக்கும் நஞ்சுக்கு இளஞ்சிவப்புக் காய்ப்புழு பழகிவிட்டதை வகுப்பில் சொல்லிக்கொடுத்தவள்தான். ஆனால் மதுராந்தகம் பக்கம் என் தம்பி கத்தரி போட்டபோது, காய்த்துளைப்பானுக்குப் பயந்து வாரம் இருமுறை மருந்து அடித்தான். பறிப்பதற்கு முதல் நாள்கூட. வீட்டுக்கென்று மருந்தில்லாமல் விட்ட ஒரு பாத்தியில் பாதிக்குமேல் சொத்தை. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைக் கத்தரியில் ஏற்றி, பிடி கத்தரியை உருவாக்கியது இந்தப் புழுவுக்காகத்தான். வேண்டும், வேண்டாம் என்று தாராளமாகச் சண்டையிடட்டும். எதைப் பற்றிய சண்டை என்பதையாவது வாசகருக்குச் சொல்ல வேண்டாமா?

அடுத்த ஞாயிறு இரண்டு வரித் திருத்தம் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இடமில்லையென்றால் ராசிபலனுக்குக் கீழே போட்டாலும் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
நங்கநல்லூர், சென்னை.