காற்று ப்ளோவர்: ஞாயிறு வேலை
அண்ணன்மார், அக்காமார், வணக்கம். ரங்கூனில் கரண்ட் போகும்போதெல்லாம் நம் கழிவுநீர்த் தொட்டிக்குள் காற்றை ஊதும் ப்ளோவரும் நின்றுவிடுகிறது. இந்த நாற்றம் அதனால்தான். அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் மூச்சுவிட, தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவிலாவது இருக்க வேண்டும். நேற்று மூடியைத் திறந்தேன். பழுப்பாக இருக்க வேண்டிய தண்ணீர் கறுத்துக் கிடக்கிறது, ஒரு மூலையில் மட்டும் குமிழ் வருகிறது. காற்றைக் குமிழாக்கித் தண்ணீரில் விடும் மற்ற டிஃப்யூசர்கள் அடைத்திருக்கின்றன.

ஞாயிறு காலை 8 மணிக்கு வேக்குவம் லாரி வந்து கசடை உறிஞ்சும், அப்புறம் டிஃப்யூசர்களைக் கழற்றிக் கழுவுவார்கள். அதுவரை ஜெனரேட்டரில் ப்ளோவருக்குத்தான் முதலிடம், லிஃப்ட் பிறகு. சிரமம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளைத் தொட்டிப் பக்கம் விடாதீர்கள். அழுகிய முட்டை வாடை வீசும் அந்த வாயு ஆளையே கொல்லும். பொரித்த எண்ணெயைக் குழாயடியில் ஊற்றாதீர்கள்.