ஆகஸ்ட் 9 வாசகத்தை யார் வாசிக்கப்போகிறார்கள்?

மூணாறு மலையின் தோட்டப் பங்குகளில் பணி செய்யும் பங்குத்தந்தையருக்கும், பங்குப் பேரவை அண்ணன்மார் அக்காமாருக்கும், ஞாயிறு பூசையில் வேதத்திலிருந்து வாசகம் வாசிக்கும் தம்பி தங்கைகளுக்கும்,

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

நானும் வாசகம் வாசிப்பவள்தான். தேயிலைக் கொழுந்து பறித்தவளின் மகள். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கற்றேன். பன்னிரண்டு வயதில் முதல்முறை வாசக மேடையில் ஏறியபோது மைக் என் நெற்றிக்கு நேரே இருந்தது. அன்றிலிருந்து இருபத்தெட்டு வருஷமாக வாசித்து வருகிறேன். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

கேட்க வந்தது ஒன்றுதான். 2026 ஆகஸ்ட் 9, திருச்சபை நாட்காட்டியில் பொதுக்காலத்தின் 19ஆம் ஞாயிறு. அன்றைய முதல் வாசகத்தை யார் வாசிப்பது என்று இப்போதே முடிவு செய்யுங்கள். பூசைக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கோயில் வாசலில் கண்ணில் படுகிற பிள்ளையைக் கூப்பிட்டு, "நீ போய் வாசி" என்று புத்தகத்தைக் கையில் திணிக்காதீர்கள்.

ஏன் அந்த ஞாயிறு என்று சொல்கிறேன்.

2020 ஆகஸ்ட் 6, வியாழக்கிழமை. ஆண்டவர் மலைமேல் தோற்றம் மாறிய விழா. அன்று இரவு பத்தே முக்கால் வாக்கில் மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மலை இறங்கியது. தூங்கிக்கொண்டிருந்த லயங்கள் அப்படியே மண்ணுக்குள் போயின. கரண்ட் இல்லை, டவர் இல்லை. விடிந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. 70 பேர். 66 உடல்கள் கிடைத்தன. நாலு பேர் கிடைக்கவே இல்லை. பெரும்பாலோர் கயத்தாறு பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன்னால் மலையேறி வந்த நம் சனங்கள். இதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த வாரம் வந்த ஞாயிறுதான் ஆகஸ்ட் 9. கொரோனா காலம் என்பதால் நான் கோயிலுக்குப் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து, அன்றைய முதல் வாசகம் எது என்று பார்த்துத் திருவிவிலியத்தைத் திறந்தேன். அரசர்கள் முதல் நூல், 19ஆம் அதிகாரம். உயிருக்குப் பயந்து ஓடி வந்த எலியா ஓரேபு மலைக் குகையில் தங்கியிருக்கிறார். வெளியே வந்து மலைமேல் நில் என்கிறார் ஆண்டவர். பெரும் காற்று எழுந்து மலையைப் பிளக்கிறது, பாறைகளை உடைக்கிறது. ஆண்டவர் அந்தக் காற்றில் இல்லை. அப்புறம் நிலம் நடுங்குகிறது. அதிலும் ஆண்டவர் இல்லை. நெருப்பு வருகிறது. அதிலும் இல்லை. எல்லாம் ஓய்ந்த பிறகு, "அடக்கமான மெல்லிய ஒலி". அதைக் கேட்டதும் எலியா போர்வையால் முகத்தை மூடிக்கொண்டு குகை வாசலில் வந்து நிற்கிறார்.

அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. அங்கே பெட்டிமுடியில் சகதியைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கம்பளியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இயந்திரம் ஒவ்வொரு முறை மண்ணை அள்ளும்போதும் அதையே பார்த்துக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். அதே வேளையில் உலகம் முழுக்க, ரோமிலும் மணிலாவிலும், இந்த வாசகம்தான் அன்று வாசிக்கப்பட்டது. யாரும் நமக்காகத் தேடி எடுத்துக் கொடுத்ததல்ல. வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு 1969இல் வகுத்த மூன்றாண்டு வாசகச் சுற்றில் தன் முறைக்கு வந்தது.

அந்த நாட்களில் என்னென்ன பேச்சுக் கேட்டோம்! சோதனை என்றார்கள், தண்டனை என்றார்கள், ஆண்டவர் எடுத்துக்கொண்டார் என்றார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடமே அப்படிச் சொன்னார்கள். வேதம் அன்றைக்கு நேர் எதிராக அல்லவா சொல்லிற்று? மலையைப் பிளந்த காற்றில் அவர் இல்லை, நடுங்கிய நிலத்தில் அவர் இல்லை என்று. அந்தத் தாயின் காதில் விழ வேண்டிய வசனம் அது.

மூன்று வருஷம் கழித்து, 2023 ஆகஸ்ட் 13 அன்று அதே வாசகம் திரும்பி வந்தது. நான் அன்று வேறொரு பங்கில் பூசைக்குப் போயிருந்தேன். எந்தப் பங்கு என்று சொல்லப்போவதில்லை, எங்கும் நடப்பதுதான். எழுதிப் போட்டிருந்த ஆள் வரவில்லை. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் மேடைக்குப் போனான். மூச்சு விடாமல் வாசித்தான். "நிலநடுக்கத்திலும்" என்ற இடத்தில் தடுக்கி, "நிலத்திலும்" என்று சொல்லிவிட்டு ஓடினான். ஒன்றரை நிமிஷத்தில் முடிந்தது. "இறைவா உமக்கு நன்றி" என்றோம். எனக்கு முன் பெஞ்சில் இருந்த அக்காவின் தங்கை குடும்பம் பெட்டிமுடியில் போனது. அவர் பர்ஸைத் திறந்து காணிக்கைக்குச் சில்லறை எடுத்துக்கொண்டிருந்தார். வாசகம் அவரைத் தொடாமலேயே போய்விட்டது.

அந்தப் பையன்மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. நானும் அதையே செய்திருக்கிறேன்.

2015 செப்டம்பர் நினைவிருக்கிறதா? போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்தபோது நம் பெண்கள் ரோட்டில் வந்து உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை என்று அதற்குப் பெயர். ஒன்பது நாள். அப்போது நாள் கூலி 232 ரூபாய். 500 வேண்டும் என்று கேட்டார்கள். போனஸ் தீர்ந்தது, கூலி தீரவில்லை. அந்த இடைவெளியில் வந்த செப்டம்பர் 27 ஞாயிறன்று இரண்டாம் வாசகம் யாக்கோபு 5ஆம் அதிகாரம். வாசித்தது நான். புத்தகத்தை மேடையில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். நல்ல குரல், நல்ல உச்சரிப்பு. என்ன வாசிக்கிறேன் என்று மட்டும் தெரியாது.

வீட்டுக்கு வந்து கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டார்: "ஏ புள்ள, அறுத்தவனோட கூலியப் புடிச்சி வச்சிருக்கீங்க, அந்தக் கூலி சத்தம் போடுதுன்னு வாசிச்சியே. அது நெசமாவே பைபிள்ல இருக்கா, இல்ல நீங்களா எழுதிச் சேத்ததா?"

ஒன்பது நாளும் ரோட்டில் உட்கார்ந்தவர் அவர். எழுதப் படிக்கத் தெரியாது. விரலில் கொழுந்துக் கறை போனதே இல்லை. அடுப்புப் பக்கத்தில் வைத்து அந்த ஆறு வசனங்களையும் மூன்று தடவை படிக்கச் சொன்னார். மூன்றாம் தடவை, நான் படிக்கப் படிக்க அவர் உதடும் அசைந்தது. "நம்ம சத்தம் அவருக்குக் கேட்டுட்டுன்னு போட்டிருக்கு பாரு" என்றார். அக்டோபரில் கூலி 301 ஆனது. அது வேறு கணக்கு. அன்று அடுப்படியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது: என் அம்மாவுக்கு வேதம் என்றால் நான் வாசிப்பது மட்டுமே. நான் விழுங்கியது அவருக்கு என்றைக்கும் கிடைக்காது.

மூன்றாம் நூற்றாண்டில் வேத அறிஞர் ஓரிஜன் இதையே கேட்டார். ஆண்டவருடைய உடலைக் கையில் வாங்கும்போது ஒரு துணுக்குகூடக் கீழே விழாமல் அத்தனை கவனமாக இருக்கிறீர்களே, அவருடைய வார்த்தையைச் சிந்தவிட்டால் அது சின்னக் குற்றமா என்று. நற்கருணை தவறி விழுந்தால் கோயிலே பதறும். வாசகம் சிந்தினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இன்னொரு உண்மையையும் பேசியாக வேண்டும். நம் பிள்ளைகளில் பலர் இப்போது மலையாளம் மீடியம், இங்கிலீஷ் மீடியம். வீட்டில் தமிழ் பேசுவார்கள், ஜெபமாலை தமிழில் சொல்வார்கள், எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வராது. வாசகத்தை மலையாள எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு தமிழில் வாசிக்கும் ஒரு தங்கையை எனக்குத் தெரியும். அவள் முந்தின இரவே எழுதிவிடுவதால், தமிழ் படித்த நம்மைவிட நன்றாக வாசிக்கிறாள்! அதற்காகத் தமிழை விட்டுவிடலாம் என்று சிலர் சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. தமிழ் எழுத்தில் அச்சான மறைக்கல்வி நூல் 1578இல் வெளிவந்ததே இன்றைய கேரளத்தின் கொல்லத்தில்தான். இந்த மண்ணின் திருச்சபையில் நம் மொழி விருந்தாளியாக இருந்ததில்லை.

ஃபாதர்மாரே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். 2026 செப்டம்பர் 20 ஞாயிறன்று திராட்சைத் தோட்ட உவமை வருகிறது, மத்தேயு 20. பிறர்மேல் பொறாமைப்படாதீர்கள் என்பதோடு பிரசங்கத்தை முடித்துவிடாதீர்கள். கடைசி ஒரு மணி நேரம் வேலை செய்தவனுக்கும் முழு நாள் கூலி என்று வரும்போது, கிலோக் கணக்கில் கூலி வாங்கியவர்கள் அதை எப்படிக் கேட்கிறார்கள் என்று முதலில் அவர்களிடமே கேளுங்கள். என் அம்மா கேட்டுவிட்டு, "அஞ்சு மணிக்கு வந்தவன் வீட்லயும் அடுப்பு எரியணும்ல" என்றார். அதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தத் தியானத்திலும் கேட்டதில்லை.

சரி, எலியாவின் வாசகம் மறுபடி வரும் 2026 ஆகஸ்ட் 9க்கு வருகிறேன். வாசிப்பவரின் பெயரை ஒரு மாதம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். பள்ளிப் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. படிக்கத் தெரிந்த கொழுந்துப் பெண் ஒருவர் வாசித்தால் இன்னும் நல்லது. வாசகப் பணியைப் பெண்களுக்கு முறைப்படியே கொடுக்கலாம் என்று 2021 ஜனவரியில் போப் பிரான்சிஸ் சட்டத்தையே மாற்றியிருக்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் லயத்தில் ஒரு வீட்டில் நாலைந்து பேர் கூடி, அவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கட்டும். கேட்டதைப் பேசட்டும். வயதானவர்களைக் கட்டாயம் கூப்பிடுங்கள். ஞாயிறன்று வாசகம் முடிந்ததும் பதிலுரைப் பாடலுக்கு உடனே ஆர்மோனியத்தை எடுக்காதீர்கள். வாசகத்துக்குப் பின் சிறிது நேரம் மௌனம் காக்கலாம் என்று திருப்பலி நூலின் பொது விதிகளிலேயே இருக்கிறது. அன்று அந்த மௌனம் கொஞ்சம் நீளமாகவே இருக்கட்டும்.

எங்கள் பங்கில் யார் பெயர் வந்தாலும், வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வரட்டும். அந்த வாசகத்தைப் பெரிய எழுத்தில் நோட்டுத் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்று பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். "இல்லை" என்று வரும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு கோடு.

அன்புடன்,
லயத்திலிருந்து ஒரு வாசகப் பெண்