வரி நோட்டில் பெயரை அடித்தது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் அம்பாசமுத்திரத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். ஊர் சேரன்மகாதேவி பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனம். எங்கள் ஊர்க் கோயில் சுடலைமாடசாமி கோயில், பத்து வயதிலிருந்து ஒரு கொடை, அதாவது கோயில் திருவிழா, தவறாமல் போய்த் திருநீறு பூசி வருகிறவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு இவன் சாமி கிடையாது என்கிற ஆள் என்று யாரும் ஒதுக்கிவிடக் கூடாது. சாமி உண்டு என்பதால்தான் எழுதுகிறேன்.

போன ஆடிக் கொடையில் நடந்தது இது. நடுச்சாமத்துப் பூசையான சாமக்கொடை முடிந்து, சாமி வேட்டைக்குப் போய்த் திரும்பி வந்து, சாமியாடுகிறவர் வாயால் சாமியிடம் வாக்குக் கேட்கிற நேரம். எங்கள் தெருவில் எனக்குத் தங்கச்சி முறையில் ஒரு பெண், கணவர் இல்லை, பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாக இருக்கிறவள். அவள் வீட்டுக்குப் போகிற பாதையை ஒருவர் சுவர் வைத்து அடைத்துவிட்டார். ஊர்க்கூட்டத்தில் மூன்று தடவை பேசிப் பார்த்தும் ஒன்றும் ஆகவில்லை. அதற்கப்புறம்தான் அவள் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டாள். அன்றைக்குச் சாமி வாக்கில், "என் எல்லையைத் தாண்டிப் போய்க் கச்சேரியில நியாயம் கேட்டவ காசு எனக்கு வேண்டாம்" என்று வந்தது. அவ்வளவுதான். மறுநாளே, கொடைக்கு வீட்டுக்கு வீடு வாங்குகிற தலைக்கட்டு வரி நோட்டில் அந்த வீட்டுப் பெயரை அடித்துவிட்டார்கள். வரி இல்லையென்றால் என்ன அர்த்தம் என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நல்லது கெட்டதுக்கு யாரும் போகக் கூடாது. அவளுடைய மாமியார் இறந்தபோது நாலு வீட்டிலிருந்துதான் ஆள் வந்தார்கள், தூக்குவதற்கு அடுத்த ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வர வேண்டியதாயிற்று.

பெரியவர்களிடம் போய்க் கேட்டேன். "அண்ணாச்சி, நாம என்ன செய்ய முடியும், சாமி சொல்லிட்டுல்லா" என்றார்கள். ஆடினவரிடம் கேட்டேன். அவர் நல்ல மனிதர், பொய் சொல்கிறவர் இல்லை. ஆடும்போது என்ன சொன்னோம் என்று தனக்கு ஒன்றுமே தெரியாது என்றார். நான் அதை நம்புகிறேன். ஆனால் எல்லாரையும் கேட்டு முடித்த பிறகு, ஒரு குடும்பத்தை ஊரிலிருந்து வெட்டி எறிந்த காரியத்துக்குப் பொறுப்பான ஆள் என்று ஒருவர்கூட இல்லை. சொன்னது சாமி, கேட்டு நடந்தது ஊர், ஊருக்கு வேறு வழி இல்லை. இதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. வாக்கு சாமியுடையது என்றே வைத்துக்கொள்வோம். நோட்டில் பெயரை அடித்த பேனாவைப் பிடித்திருந்த கை யாருடையது?

இந்த இடத்தில் என் அப்பா கதையைச் சொல்ல வேண்டும். 1974-இல், நான் எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். பிசான நெல் சாகுபடிக்கு ஒருவருக்கு விதைநெல்லும் நானூறு ரூபாயும் அப்பா கைமாற்றாகக் கொடுத்திருந்தார், எழுத்து எதுவும் கிடையாது. அறுவடை முடிந்ததும் அந்த ஆள் வாங்கவே இல்லை என்றுவிட்டார். ஊர் கூடி, கொடுத்தது உண்மையென்றால் சுடலை முன்னால் சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ணு என்று அப்பாவிடம் சொன்னார்கள். அப்பா மாட்டேன் என்றார். "நெசத்தைச் சொல்லுததுக்கு எதுக்குல சாமியச் சாட்சிக்கு இழுக்கணும்" என்று எங்கள் தாத்தா சொல்லி வளர்த்திருந்தார், உண்மைக்கும் சத்தியம் பண்ணக் கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். அந்த ஆள் முன்னால் வந்து எரிகிற சூடத்தைப் படாரென்று கையால் அடித்து அணைத்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அப்பா பொய்யர் என்று ஆயிற்று. சாமிக்கு அதிகம் பயந்தவர் தோற்றார், பயமே இல்லாதவர் ஜெயித்தார்.

பின்னாளில் வக்கீல் ஆபீசில் பழைய சட்டப் புத்தகங்களைத் துடைத்து அடுக்கும்போது ஒரு விஷயம் தெரிந்தது, அன்று இரவு தூக்கமே வரவில்லை. 1873-ஆம் வருடத்துப் பிரமாணச் சட்டத்தில் ஒரு ஏற்பாடு இருந்திருக்கிறது. வழக்கில் ஒரு கட்சிக்காரர், 'எதிராளி இன்ன முறையில் சத்தியம் பண்ணிச் சொல்லட்டும், நான் கட்டுப்படுகிறேன்' என்று கோர்ட்டில் ஒப்புக்கொள்ளலாம். எதிராளி அப்படியே சத்தியம் பண்ணிவிட்டால், ஒப்புக்கொண்டவரைப் பொறுத்தவரை அதுவே முடிவான சாட்சியம், அதற்கு மேல் பேச்சுக் கிடையாது. வெள்ளைக்காரன் கோர்ட்டே சூடத்தை நம்பியிருந்தது. 1969-இல் புதுப் பிரமாணச் சட்டம் வந்தபோதுதான் அந்த ஏற்பாடு போயிற்று. இன்றைக்குக் கூண்டில் ஏறுகிறவர் கடவுள் பெயரால் ஆணையிடலாம், இல்லை, கடவுள் பெயரைச் சொல்லாமல் உளமார உறுதி கூறலாம், அது அவர் விருப்பம். எப்படிச் சொன்னாலும் அப்புறம் குறுக்கு விசாரணை உண்டு, பொய் சொன்னால் தண்டனை உண்டு. சட்டம் சாமியை வெளியே தள்ளவில்லை. சாமி பெயரைச் சொன்னாய் என்பதற்காக உன் பேச்சுக்கு நீ பொறுப்பில்லை என்று விட்டுவிட மாட்டேன் என்றுதான் சொல்கிறது.

என் கேள்விக்குப் பெரியவர்களில் ஒருவர், அவனன்றி ஓர் அணுவும் அசையாது, நம் கையில் என்ன இருக்கிறது என்றார். சரி. அப்படியானால் என் அப்பா காசை இல்லை என்று சொன்ன நாக்கையும் அவன்தான் அசைத்தானா? அதையும் சாமி கணக்கில் எழுதலாமா? எழுத யாரும் சம்மதிக்க மாட்டார்கள். நமக்குத் தோதான இடத்தில் மட்டும் அணு அவனால் அசைகிறது. ஓதுவார் ஒருவர் எனக்குச் சொன்ன விளக்கம் இன்னும் மனதில் நிற்கிறது, சைவ சித்தாந்தத்தில் சொல்வதுதான். சூரியன் ஒன்று, அதே வெயிலில் தாமரை விரிகிறது, ஆம்பல் கூம்புகிறது. சூரியன் இல்லாமல் இரண்டும் நடக்காது. ஆனால் விரிவதும் கூம்புவதும் அந்தந்தப் பூவின் காரியம்.

2003-இல் நடந்ததை ஊர் மறந்துவிட்டது. கோயில்களில் உயிர்ப்பலி கூடாது என்று 1950-ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று சும்மா கிடந்தது, அதை அரசு கண்டிப்பாக அமல்படுத்தச் சொன்னது. கிடா வெட்டாமல் கொடையா என்று ஊரே கொதித்தது. அப்புறம் என்ன செய்தோம்? வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொன்னோம். சட்டம் இப்படி இருக்கு, இந்தத் தடவை பொறுத்துக்கோ என்று வேண்டிக்கொண்டு பூசணிக்காய் வெட்டினோம். சாமி ஒத்துக்கொண்டது, ஊருக்கு ஒரு குறையும் வரவில்லை. 2004-இல் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள், பழையபடி ஆயிற்று. ஆக, அரசுச் சட்டத்துக்கு அன்றைக்குச் சாமியும் இணங்கியது, நாமும் சாமியிடம் கேட்டோம். அவ்வளவு பெரிய விஷயத்துக்குப் பூக்கட்டிப் பார்த்த நாம், இந்தப் பெண் விஷயத்தில் ஏன் கேட்கவில்லை? "அறியாமப் போயிட்டா, பொறுத்துக்கோ" என்று ஒருவர் வேண்டியிருக்கலாமே. சாமியிடம் எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்பதை முடிவு செய்தது நாம்தான்.

தண்டனைச் சட்டத்தில் ஒரு பிரிவு இருப்பது பலருக்குத் தெரியாது. 1860-ஆம் வருடச் சட்டத்தில் 508, இப்போது 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் 354. நான் சொல்கிறபடி செய்யாவிட்டால் தெய்வக் கோபத்துக்கு ஆளாவாய் என்று ஒருவரை நம்ப வைத்து, சட்டப்படி அவர் செய்ய வேண்டாததைச் செய்ய வைத்தாலோ, செய்ய உரிமை உள்ளதைச் செய்ய விடாமல் தடுத்தாலோ, ஒரு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். எங்கள் ஊர் விஷயத்துக்கு இது பொருந்துமா என்பதைக் கோர்ட்தான் சொல்ல வேண்டும். ஆனால் வழக்கை வாபஸ் வாங்கினால் வரி வாங்கிக்கொள்கிறோம் என்று அவளிடம் ஆள் அனுப்பினார்களே, அப்போது எனக்கு இந்தப் பிரிவுதான் நினைவுக்கு வந்தது. கட்டப் பஞ்சாயத்து முழுக்கச் சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல், அதுவும் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில்தான், தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. மகாராஷ்டிரத்தில் ஊர்விலக்கத்துக்கு எதிராக 2016-இல் தனிச் சட்டமே கொண்டு வந்தார்கள். நம் மாநிலத்திலும் அப்படி ஒரு தனிச் சட்டம் வேண்டும் என்று உங்கள் பத்திரிகை எழுத வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

சாமிக்கு எதிராக மனிதன் தன் இஷ்டத்துக்கு நடக்கலாமா என்று கேட்கிறவர்கள் ஆடி அமாவாசைக்குக் காரையாற்றுக்குப் போகாமலா இருக்கிறார்கள்? சொரிமுத்து ஐயனார் கோயிலில் பட்டவராயன் சன்னதியில் செருப்பைக் காணிக்கையாகக் கட்டிவிட்டு வருகிறோம். அந்தப் பட்டவராயன் யார்? முத்துப்பட்டன். பிராமணனாகப் பிறந்து, பொம்மக்கா, திம்மக்கா என்ற அருந்ததியப் பெண்கள் இருவரைக் கட்ட ஆசைப்பட்டு, அவர்கள் அப்பா வாலப்பகடை கேட்டபடி குடுமியையும் பூணூலையும் எடுத்துவிட்டுச் செருப்புத் தைத்தவன். கடைசியில் மாமனார் மாடுகளைத் திருடர்களிடமிருந்து மீட்கப் போய் உயிரை விட்டான். வில்லுப்பாட்டில் அதைக் கேட்டு அழாத ஆள் நம் பக்கத்தில் உண்டா? அன்றைக்கு அவன் சாதிக்காரர்களும் இது தெய்வ நியதி என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவன் தன் மனசு சொன்னதைச் செய்தான், அதற்கான விலையையும் தானே கொடுத்தான், யார் தலையிலும் பழியைப் போடவில்லை. அவனைத்தான் நாம் கும்பிடுகிறோம்.

அப்பா கதையில் ஒன்று பாக்கி. சூடம் அணைத்தவர் வீட்டில் ஆறு மாதம் கழித்துச் சின்னப் பையனுக்கு விடாத காய்ச்சல். சாமி கேட்டுவிட்டது என்று ஊரே பேசியது, எங்கள் அம்மாவும்கூட. அப்பாவுக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. பிள்ளையைப் பார்க்கப் போனவர், பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகப் பஸ்ஸுக்குக் காசும் கொடுத்துவிட்டு வந்தார். பையன் பிழைத்துக்கொண்டான். அந்தப் பையன் இன்றைக்கு எங்கள் ஊர்க் கோயில் கமிட்டியில் இருக்கிறார். அவரிடமும் போய் இதையெல்லாம் நேரில் சொல்லியிருக்கிறேன்.

வருகிற ஆடிக் கொடைக்குப் பந்தக்கால் நாட்ட இன்னும் சில வாரம்தான் இருக்கிறது. வரி கேட்டு வந்தார்கள். அந்த வீட்டு வரியை வாங்கி நோட்டில் எழுதிவிட்டு வாருங்கள், அதற்கு அடுத்த வரியில் என் பெயரை எழுதுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சேரன்மகாதேவி வட்டம், திருநெல்வேலி மாவட்டம்