கேட்டடிப் பிள்ளையார் கோயில் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கும் உபயதாரர்களுக்கும் வணக்கம்.

பாலாலயம் செய்து தொடங்கிய நமது திருப்பணி, சென்ற ஆவணியில் குடமுழுக்குடன் இனிதே நிறைவுற்றது. விமானத்துக்கு வர்ணம், மண்டபத்துக்குக் கருங்கல் தளம், மடைப்பள்ளிக்குப் புதுக் கூரை ஆகியவை திட்டப்படி முடிந்தன. தணிக்கை செய்த கணக்கு மண்டபத்தில் பார்வைக்கு உள்ளது. நந்தவனத்தில் நட்ட பழைய கைகாட்டி மரத்தை, அதாவது ரயில் சிக்னல் கம்பத்தைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். கோயிலுக்குள் ரயில் சாமான் எதற்கு என்று சிலர் கேட்டது நியாயமே. அதன் செலவு முழுவதும் ஓய்வுபெற்ற ரயில்வே குடும்பங்களின் உபயம். உண்டியல் பணம் எதுவும் இதில் சேரவில்லை.

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில், ஆவடியைத் தாண்டி நம் ஊர் வயல்களின் ஊடாகத்தான் சென்றது. மாட்டுவண்டித் தடம் தண்டவாளத்தைக் கடந்த இடத்தில் பின்னாளில் கேட் அமைந்தது. அதனருகே வேம்படியில் இருந்தவர் கேட்டடிப் பிள்ளையார் ஆனார். அந்தியில் கைகாட்டி விளக்குக்கு மண்ணெண்ணெய் ஊற்றிய கேட் கீப்பரே, கையைக் கழுவிவிட்டு வந்து சன்னதி விளக்குக்கு நல்லெண்ணெயும் ஊற்றினார். ஊர் சிறிதாக இருந்த காலம் முழுவதும் நித்திய தீபம் அணையாமல் இருந்தது அந்தக் கேட் கீப்பர்களால்தான்.

கேட்டும் கைகாட்டியும் இணைந்து வேலை செய்த விதம் இது: கேட்டைச் சாத்திப் பூட்டினால்தான் சாவி கையில் வரும்; அந்தச் சாவியைப் போட்டால்தான் லிவர் அசையும்; லிவரை இழுத்தால் கம்பி வழியே கைகாட்டி இறங்கி ரயிலுக்கு வழிவிடும். கை இறங்கியிருக்கும்வரை சாவியை எடுக்க முடியாது, ஆகவே கேட்டும் திறக்காது. ஒருவரின் மறதி உயிர்ச்சேதத்தில் முடியாதபடி இரும்பிலேயே அமைத்த இந்த ஏற்பாட்டை நம் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதே குழுவின் விருப்பம்.

பிற்பாடு வண்ண விளக்கு சிக்னல் வந்தது. 25,000 வோல்ட் மின்கம்பியும் வந்து, அதில் எதுவும் உரசாதபடி கேட்டின் இருபுறமும் 4.67 மீட்டர் உயரத்தில் குறுக்குத் தடுப்பு நின்றபோது, சப்பரத்தின் கலசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கடந்தது மூத்த உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். சுரங்கப்பாதை திறந்ததும் கேட் நிரந்தரமாக மூடப்பட்டது.

பழைய இரும்பு ஏலத்தில் முறைப்படி எடுத்த கைகாட்டியைத் துருநீக்கிச் சிவப்பும் வெள்ளையும் பூசினோம். அதன் பச்சைக் கண்ணாடி கையில் எடுத்தால் நீலமாகவே தெரிந்தது. எல்இடி விளக்கை வைத்தோம், அப்போதும் நீலம்தான். குழுவிலிருந்த ஓய்வுபெற்ற சிக்னல் ஊழியர் ஓர் அரிக்கேன் விளக்கைப் பின்னால் பிடித்தார். மஞ்சள் சுடர் பட்டதும் தெளிந்த பச்சை எழுந்தது. மண்ணெண்ணெய்ச் சுடருக்கென்றே வார்த்த கண்ணாடி அது.

ரயில் ஓட்டுநர் கண்ணில் பட்டு மயக்கம் தரக் கூடாது என்பதால், மதில் உயரத்துக்கு மரத்தைக் குறைத்து, சன்னதியை நோக்கி நட்டிருக்கிறோம். நாள்தோறும் விளக்கேற்றப் போவதில்லை. திருக்கார்த்திகை மாலை 6 மணிக்கு மட்டும், தண்டவாளப் பக்கம் தட்டி கட்டிய பிறகு ஏற்றப்படும். உறுப்பினர்கள் குடும்பத்துடன் வர வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்